பன்னிரண்டாவது கை

1

இந்தக் கதை ஓர் அட்டவணையில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

வேதியியல் படித்துவிட்டு ஒரு மரவள்ளி மாவு ஆலையின் ஆய்வறையில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு மேலாண்மை படிக்கப் போனேன். அங்கே ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டார். ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதற்கு ஐந்து மாதிரிகள். அதிகார மாதிரி, பராமரிப்பு மாதிரி, ஆதரவு மாதிரி, தோழமை மாதிரி, அமைப்பு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் நேரே, அது எதன்மேல் நிற்கிறது, மேலே இருப்பவர் எதை எதிர்பார்க்கிறார், கீழே இருப்பவர் எதைத் தருகிறார் என்று எழுதினார்.

எனக்கு அட்டவணைகள் பிடிக்கும். தனிமங்களை அடுக்கியவர்கள், இன்னும் கண்டுபிடிக்காத தனிமத்துக்கும் ஒரு காலிக் கட்டம் விட்டுவைத்தார்கள். தெரியாததற்கு இடம் ஒதுக்கும் அந்தப் பணிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மனிதர்களை அடுக்கியவர்களிடமும் அதே பணிவு இருந்தது. இந்த ஐந்தில் எதுவும் தனியாக வாழ்வதில்லை என்று புத்தகத்திலேயே ஒரு வரி இருந்தது. அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

"உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றார் ஆசிரியர். நான் கை தூக்கவில்லை. தூக்கியிருந்தால் சொல்லியிருக்கக்கூடியது இது.

(இதில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஆலையில் ஓர் அம்மா தொட்டியின் துளையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "மாவு வந்திருச்சு கண்ணு" என்பார். என் கருவி அதையே சொல்வதற்கு இன்னும் ஐந்து நிமிடம் ஆகும். மற்றதெல்லாம் நான் கட்டியது.)

2

முதல் தொடக்கம்: "1945ஆம் ஆண்டு மாசி மாதம், யுத்தம் முடியும் தறுவாயில் —"

விட்டுவிட்டேன். யுத்தம் முடியப்போகிறது என்று அப்போது சேந்தமங்கலத்தில் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது: "கொல்லிமலையின் நிழல் நீண்டு விழுந்த அந்தப் பட்டறையில் —"

இதுவும் சரிப்படாது. மலை ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. நிழல் காலையில்தான் விழும். கதை நடப்பது உச்சிவெயிலில்.

மூன்றாவது: "மயிலம்மாள் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்."

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மயிலம்மாள் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். காலையில் லேசாக இனித்தது. இப்போது நாக்கின் ஓரத்தில் லேசாகப் புளிப்புப் பிடித்தது.

சேந்தமங்கலத்துக்கு வெளியே பச்சமுத்துவின் பட்டறை. யுத்தத்தில் கப்பல்கள் நின்று, கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசியும் நின்றுபோன சமயம். அதுவரை மாம்பழ வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பச்சமுத்து, நேரம் பார்த்து மரவள்ளிக் கிழங்கில் இறங்கினார். வேலைக்குப் பதினோரு பேர். கிழங்கைத் தோல் சீவி, துளையிட்ட தகரம் சுற்றிய சக்கரத்தில் அரைத்து, துணியில் வடித்து, அந்தப் பாலைக் காரை பூசிய தொட்டியில் விடுவார்கள். மாவு அடியில் படியும். மேலே தண்ணீர் தெளியும். தொட்டிச் சுவரில், அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஒரு துளை. அதை அடைத்து வெளியிலிருந்து ஒரு மரக்கட்டை.

தெளிந்ததும் அந்தக் கட்டையை மெல்லத் தட்டித் தளர்த்தித் தண்ணீரைக் கசியவிட வேண்டும். சீக்கிரம் விட்டால் மாவும் சேர்ந்து போய்விடும். தாமதித்தால் புளிக்கும். புளித்த மாவில் செய்த ஜவ்வரிசி மஞ்சளாகிவிடும்.

தை மாதத்தில் கருப்பண்ணன் என்பவன் அவசரப்பட்டுக் கட்டையைத் தட்டிவிட்டான். பாதி மாவு வாய்க்காலில் வெள்ளையாக ஓடியது. அன்றைக்கே அவனை அனுப்பிவிட்ட பச்சமுத்து, மற்றவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்:

"என் வாயில இருந்து வார்த்தை வராம எவனும் எவளும் கட்டையத் தொடக்கூடாது. தொட்டா அப்படியே ஊட்டுக்குப் போயிரலாம்."

இன்றைக்கு அவர் ஊரில் இல்லை. அரைக்கும் தகரம் வாங்க விடிகாலையில் சேலம் போனவர், பத்து மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்கள் கரிப்புகையில் ஓடின. பஸ் ராசிபுரத்திலேயே நின்றுவிட்டதாக வழியில் போன வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

"என்னக்கா?" என்றாள் தோல் சீவிக்கொண்டிருந்த சின்னாயி.

"பிடிக்குது."

"எம்புட்டு நேரந் தாங்கும்?"

"வெயில் சாயறதுக்குள்ள கெட்டுப்போயிரும். இப்பவே உட்டாகோணும்."

"மொதலாளி வாய் வந்தாத்தானே உடமுடியும்? அந்த வாயி கரியத் தின்ன பஸ்ஸோட ராசிபுரத்துல இருமிக்கிட்டு இருக்குது."

அரைவைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு அங்கமுத்து வந்து எட்டிப் பார்த்தான். தொட்டியின் ஓரத்தில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது.

"நம்மளுக்கென்ன?" என்றான். "தொடாதேன்னாரு. தொடல. புளிச்சா அவரு மாவு."

(அட்டவணையின் முதல் கட்டம். முதலாளி எதிர்பார்ப்பது கீழ்ப்படிதல். பதினோரு பேரும் கீழ்ப்படிந்துகொண்டுதான் இருந்தார்கள். குமிழி எழுந்துகொண்டிருந்தது.)

மயிலம்மாள் குமிழி உடைந்த இடத்தைப் பார்த்தாள். சேலத்து வியாபாரி இந்த ஒரு தடவை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். வெள்ளையாக வந்தால் தொடர்ந்து வாங்குவார். இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று பச்சமுத்துவே இரண்டு முறை சொல்லிவிட்டார். பட்டறை மூடினாலும், கட்டையைத் தொட்டு வேலை போனாலும், அவளுக்கு முடிவு ஒன்றுதான். மலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி சின்னண்ணன் வாராவாரம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எப்ப வார, மயிலு? புள்ளையையுங் கூட்டிக்கிட்டு வா, அதுக்குங் கொழுந்து கிள்ளற வேலை இருக்குது" என்பான். அந்தத் தோட்டத்துக் காய்ச்சலில்தான் அவள் புருஷன் போனான். மகள் அத்தாயிக்கு எட்டு வயது. "இங்க வேலை இருக்குதுங்க" என்ற ஒரு பதில்தான் இதுவரை அவனைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

4

இங்கே நிறுத்திவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. மயிலம்மாள் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மிகவும் நல்லவளாக இருந்தாள். நான் அவளை வியந்து எழுதுகிறேன் என்பது உண்மை. ஆனால் ஆய்வறையில் ஒரு பழக்கம் உண்டு. மாதிரிப் பொருள் மிகவும் சுத்தமாக இருந்தால், எடுத்த இடம் சரிதானா என்று கேட்போம்.

அதனால் மறுபடி பார்த்தேன். அப்போது தெரிந்தது, அவள் ஒரு விஷயத்தை ஒளித்து வைத்திருந்தாள்.

எந்த ருசியில் தண்ணீரை விட வேண்டும், மாவு கிளம்பி வருவதைக் கை எப்படி அறியும் என்பதை அவள் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பச்சமுத்துவும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் உத்தரவு போடுவார். சின்னாயி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் கைராசி" என்று சொல்லித் தட்டிவிடுவாள். தனக்கு மட்டும் தெரிந்திருக்கும்வரை தன்னை அனுப்ப முடியாது என்று அவளுக்குத் தெரியும். பராமரிப்பு மாதிரியில் பாதுகாப்பை மேலே இருப்பவர் தருகிறார் என்று புத்தகம் சொல்கிறது. அதைத் தரக்கூடியவர் யாரும் இல்லாததால், மயிலம்மாள் அதைத் தனக்குத் தானே செய்துகொண்டாள்.

இதை அறிந்தபின் அவளை எனக்கு இன்னும் பிடித்தது. எழுதத் தொடங்கினேன்.

(பச்சமுத்துவையும் எந்தக் கட்டத்தில் வைப்பது என்று தெரியவில்லை. வாயெல்லாம் அதிகாரம். ஆனால் பொங்கலுக்குப் பதினோரு பேருக்கும் துணி எடுப்பார். யாருக்காவது காய்ச்சல் வந்தால் கொய்னா மாத்திரை வாங்க நாமக்கல்லுக்குத் தானே நடப்பார். நடந்துபோகும்போதும் திட்டிக்கொண்டே போவார்.)

5

"ஏ சின்னாயி, கெணத்துக் கயிறு எங்க?" என்றாள் மயிலம்மாள்.

"எதுக்கு? தூக்குப் போட்டுக்கறதுக்கா?"

"கட்டையில கட்டோணும். பதினோரு பேரும் புடிச்சு இழுக்கலாம். தேரு நகர்ந்தா யாரு இழுத்தாங்கன்னு யாராச்சும் கேக்கறாங்களா?"

யோசனை ஒவ்வொருவருக்குள்ளும் இறங்குவது முகத்தில் தெரிந்தது. ஒருவர் தொட்டால் ஒருவர் போக வேண்டும். பதினோரு பேரும் தொட்டால் பச்சமுத்து யாரை அனுப்புவார்?

"நான் வல்லே" என்றான் அங்கமுத்து.

"நீ சும்மா கயித்தத் தொட்டுக்கிட்டு நில்லு, அண்ணா" என்றாள் சின்னாயி. "இழுக்கோணும்னு இல்ல. எப்பவும் பண்றதுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். அங்கமுத்து வந்து கயிற்றைப் பிடித்தான்.

(தோழமை மாதிரி: பொறுப்பு எல்லோருக்கும் பொது. இந்த இடத்தில் பெருமையாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடுத்து நடந்ததை எழுதியபின் அதை எடுத்துவிட்டேன்.)

தளர்த்தும் வேலை ஒரு கைக்கு உரியது. குச்சியால் இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு என்று கட்டையை நூல் நூலாக நகர்த்த வேண்டும். பதினோரு பேர் சேர்ந்து மெதுவாக இழுக்க முடியாது. அதை யாரும் நினைக்கவில்லை. யார் செய்தது என்று தெரியாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே நினைத்தார்கள். தேர் இழுத்துப் பழகிய கைகள். மயிலம்மாள் "ம்" என்றதும் தேரையே இழுத்தார்கள்.

கட்டை துப்பாக்கிக் குண்டுபோல வந்து கல்லில் மோதி இரண்டாகப் பிளந்தது. பதினோரு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மல்லாந்து விழுந்தார்கள். மேலே விழுந்த சின்னாயிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

துளையிலிருந்து தண்ணீர் கைப் பருமனுக்குப் பாய்ந்தது. முதலில் தெளிவாக. பிறகு அதன் நடுவே ஒரு வெள்ளை நூல். அன்று கிழங்கு வழக்கத்தைவிட அதிகம். படிந்த மாவு துளையின் உதடுவரை ஏறியிருந்தது.

மயிலம்மாள் வாய்க்காலில் பாய்ந்து உட்கார்ந்து துளையில் உள்ளங்கையை வைத்தாள்.

6

இந்த இடத்தில் நீங்கள் கேட்கக்கூடியதை நானும் கேட்டுப் பார்த்தேன். துணியைத் திணித்தால் என்ன? தண்ணீரும் நின்றுவிடும், புளித்துவிடும். மாவைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விட வேண்டும். அதைக் கைதான் செய்யும்.

(மாவுப்பால் ஒரு விசித்திரமான பொருள். அழுத்தினால் கல்போல் இறுகும். விட்டால் இளகி ஓடும். இதற்கு ஒரு பெயரும் ஒரு வரைபடமும் உண்டு. நான் படித்திருக்கிறேன். மயிலம்மாளின் உள்ளங்கை அதைப் படிக்காமலேயே அறிந்திருந்தது.)

நனைத்த சாக்கைத் தொட்டிமேல் விரிக்கச் சொன்னாள். தண்ணீர் விரலிடுக்கில் சன்னமாக ஓடியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. தோள் கனத்தது. பிறகு தோள் இருப்பதே தெரியவில்லை.

"நகரு அக்கா, நான் வெக்கறேன்" என்று சின்னாயி கையை வைத்தாள். உடனே வெள்ளை ஓடியது. மயிலம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டுத் தன் கையை வைத்தாள்.

யாராலும் அவளை மாற்ற முடியவில்லை. அது யாருடைய குற்றமும் இல்லை, அவளுடையதுதான். இத்தனை நாள் அவளைக் காப்பாற்றிய ரகசியம் இப்போது அவளை வாய்க்காலில் கட்டிப்போட்டிருந்தது. சுவரின் நிழல் அவள் காலைத் தொடும்வரை உட்கார்ந்திருந்தாள். அதுவரை என்ன நினைத்தாள் என்பதை எழுதப் பார்த்தேன். "கங்காணியின் முகம் அவள் கண்முன் —" இல்லை. கை மரத்துப்போனவளுக்குக் கைதான் நினைவில் இருக்கும்.

"சின்னாயி" என்றாள். "வா இங்க. எங்கையி மேல உங்கைய வெய்யி."

சின்னாயி வைத்தாள்.

"தண்ணின்னா வெரலுக்கு நடுவால போயிரும். மாவு அப்படிப் போவாது. உள்ளங்கையில வந்து ஒக்காரும். அமுக்கிப் பாத்தீன்னா எதுத்துக்கிட்டு நிக்கும். தெரியுதா?"

"செத்த இரு... ஆமாக்கா. எதுக்குது."

"அது வந்தா கைய இறுக்கு. போனதுமே தளத்து. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" சின்னாயி நிமிர்ந்தாள். "இதையா இத்தன நாளு பொட்டியில வெச்சுப் பூட்டியிருந்தே?"

"அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு, அம்மிணி."

சின்னாயி அவள் கையை எடுத்துவிட்டுத் தன் கையைத் துளையில் வைத்தாள். வெள்ளை வரவில்லை.

அதன்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். மயிலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கையையும் பழக்கினாள். நாக்கில் எது எந்த ருசி என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். கடைசியில் அங்கமுத்து. சக்கரம் சுற்றிக் காய்த்துப்போன அவன் வலது உள்ளங்கைக்கு எதுவுமே தெரியவில்லை.

"எடது கைய வெய்யி" என்றாள் மயிலம்மாள்.

வைத்தான். சற்று நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான். பிறகு, எதையோ உயிரோடு பிடித்துவிட்டவன்போல வாயைப் பிளந்தான்.

7

பொழுது சாயும் நேரத்தில் பச்சமுத்து யாருடைய மாட்டுவண்டியிலோ வந்து இறங்கினார். கக்கத்தில் தகரச் சுருள். கயிற்றைப் பார்த்தார். பிளந்த கட்டையைப் பார்த்தார்.

"எவன்றா புடுங்குனது?"

துளையில் அங்கமுத்துவின் இடது கை இருந்தது.

"கேக்கறனில்ல? எவன்?"

"சத்தம் போடாதீங்க" என்றான் அங்கமுத்து, திரும்பிப் பார்க்காமலே. "மாவு வந்து முட்டுது."

பச்சமுத்து தொட்டிமேல் இருந்த சாக்கை விலக்கினார். விரலை விட்டு அடியில் தொட்டு எடுத்தார். வெள்ளை. மோந்து பார்த்தார். பிறகு பதினோரு பேரின் கைகளையும் பார்த்தார். எல்லா உள்ளங்கைகளும் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. எது முதல் கை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஆனால் அவர் கண் மயிலம்மாளிடம் வந்து நின்றது.

காலையில் என்றால் அவளை அவர் அனுப்பியிருக்க முடியாது. ருசி பார்க்க வேறு ஆள் இல்லை. இப்போது மற்ற பத்துப் பேருக்கும் தெரியும். அனுப்பலாம். அது அவளுக்கும் தெரியும்.

8

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

"போயிரு" என்கிறார். அவர் போட்ட சட்டப்படி சரி. அரைப்பக்கம் எழுதினேன். அத்தாயி மூட்டையோடு மலையேறுவது வந்ததும் கிழித்துவிட்டேன்.

மயிலம்மாளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு அவளுக்கு மட்டும் இன்னொரு சேலை. துளைக்குப் புதுக் கட்டை. சட்டம் அப்படியே. இதுதான் நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது.

"இனி என்ன பண்ணலாம், நீயே சொல்லு" என்று பச்சமுத்து கேட்கிறார். ஆதரவு மாதிரி. அந்த வார்த்தைகளை அவர் வாயில் எத்தனை முறை வைத்தாலும் வழுக்கி விழுந்தன.

பதினோரு பேரும் ஒவ்வொருவராக முன்வந்து "நான்தான் புடுங்கினேன்" என்கிறார்கள். நல்ல சினிமா. சின்னாயி இதைக் கேட்டால் என்னைச் சும்மா விடமாட்டாள்.

ஐந்தாவதான அமைப்பு மாதிரிக்கு ஒரு முடிவு எழுத எனக்குத் தெரியவில்லை. வேலை செய்பவர் வேலையைத் தன்னுடையதென்றே நினைப்பார் என்று தேர்வில் எழுதினேன். மதிப்பெண் கிடைத்தது. "மாவு வந்து முட்டுது" என்ற வரியை எழுதிய பிறகுதான் நான் எதை எழுதினேன் என்று எனக்குப் புரிந்தது. இப்படிப்பட்ட ஒன்றுக்குக் கட்டம் போட்டு வைத்தவர்களை நினைத்து மறுபடியும் வியந்தேன்.

9

கடைசியாக எனக்குத் தெரிந்தது இது.

"கை மரத்துப்போச்சு" என்றான் அங்கமுத்து. "யாராச்சும் மாத்துங்க."

சின்னாயி எழுந்தாள். மயிலம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு பச்சமுத்துவைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொள்ளாமல், சாதாரணமாகச் சொன்னாள்:

"நாங்க பதினோரு பேரும் ஒரு சுத்து முடிச்சாச்சுங்க. அடுத்த மொறை உங்களுதுங்க. வாங்க, எப்படின்னு சொல்லித் தாரேன்."

யார் புடுங்கியது என்ற கேள்விக்கு இதுவே பதிலாகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

பச்சமுத்து தகரச் சுருளைக் கீழே வைத்தார்.

இதுவரைதான் நான் போக முடியும். போ என்று வாசலைக் காட்டுவதற்கும் ஒரு கை காலியாக இருக்க வேண்டும். வாய்க்காலில் இறங்குவதற்கும் ஒரு கை காலியாக இருக்க வேண்டும். அவர் எதற்காகச் சுருளை வைத்தார் என்பதைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடத்திலிருந்து தெரியவில்லை. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஒருவேளை அவர் முகம் தெரியலாம்.

துளைக்கு மேலே இன்னும் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருக்கிறது. அங்கமுத்துவின் மணிக்கட்டு நடுங்கத் தொடங்கிவிட்டது. சொல்வதாக இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள்.